மேட்டுப்பாத்தியை மண்ணும் மக்கு உரமும் கொண்டு நிரப்புவது: முழுமையான வழிகாட்டி

சட்டமிட்ட மேட்டுப்பாத்தி அமைப்பவர்கள் பலகையா, செங்கல்லா, தகரமா என்று சட்டத்தைப் பற்றி நெடுநேரம் யோசிக்கிறார்கள். உள்ளே எதை நிரப்புவது என்ற கேள்வியையோ கடைசி நாளில், கைக்குக் கிடைத்ததைக் கொட்டி முடித்துவிடுகிறார்கள். சட்டம் சரியில்லையென்றால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். உள்ளே கொட்டிய ஒரு டன் மண்ணை அள்ளி வெளியே போடுவது அவ்வளவு எளிதல்ல. ஆகவே முதல் கூடை மண் விழுவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டியவை பல உள்ளன.

அந்தத் தீர்மானங்கள் எல்லாவற்றுக்கும் அளவுகோலாக ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளலாம்: பாத்தியில் போடும் இந்தப் பொருளில் மூன்று ஆண்டுகள் கழித்து எவ்வளவு மிஞ்சியிருக்கும்? மணல், வண்டல், களி என்ற தாதுத் துகள்கள் போட்டபடியே இருக்கும். மக்கு உரம், இலைச்சருகு, மரத்தூள், தென்னை நார்க்கழிவு ஆகியவற்றை நுண்ணுயிர்கள் வெவ்வேறு வேகத்தில் தின்று தீர்க்கும். அவற்றிலிருந்த கரிமத்தின் பெரும்பகுதி கரியமில வாயுவாகக் காற்றில் கலந்துவிடும். மக்கு உரத்தை மட்டுமே கொண்டு நிரப்பிய பாத்தி முதல் பருவத்தில் செழிப்பாகத் தோன்றினாலும், அடுத்தடுத்த பருவங்களில் மட்டம் இறங்கி, வேர் பிடிக்க இடம் குறைந்து போவதற்குக் காரணம் இதுதான். பாத்தியின் பெரும்பங்கு மண்ணாக இருக்க வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை.

எவ்வளவு தேவை என்று கணக்கிடுதல்

சட்டத்தின் உள் அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். கனமான பலகையோ செங்கல்லோ வைத்துக் கட்டியிருந்தால், வெளி அளவுக்கும் உள் அளவுக்கும் உள்ள வித்தியாசம் கணக்கைக் கணிசமாக மாற்றிவிடும். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கினால் கன அடி கிடைக்கும். 8 அடி நீளம், 4 அடி அகலம், 1 அடி ஆழம் கொண்ட பாத்திக்கு 32 கன அடி தேவை. ஒரு கன அடி என்பது ஏறத்தாழ 28.3 லிட்டர் என்பதால், இது 900 லிட்டருக்குச் சற்று அதிகம்.

புதிதாக நிரப்பிய கலவை நீர் பட்டதும் அமிழும் என்பதால் 15 முதல் 20 சதவீதம் கூடுதலாக வாங்க வேண்டும். ஆகவே மேற்சொன்ன பாத்திக்கு 38 கன அடி அளவில் பொருள் சேர்த்துக்கொள்வது நல்லது. ஈரமான மண்கலவை கன அடிக்கு ஏறத்தாழ 35 முதல் 45 கிலோ வரை எடை இருக்கும். அதாவது ஒரே ஒரு நடுத்தரப் பாத்தியின் எடையே ஒரு டன்னைத் தாண்டும். தரையில் அமைத்தால் இதைப் பற்றிக் கவலையில்லை. மாடியிலோ பால்கனியிலோ அமைக்க நினைப்பவர்கள், தளம் அந்த எடையைத் தாங்குமா என்று கட்டுமானப் பொறியாளரிடம் கேட்காமல் ஒரு மூட்டையைக்கூட மேலேற்றக் கூடாது.

மக்கு உரம் பெரும்பாலும் கிலோ கணக்கில் விற்கப்படுகிறது. பாத்திக்கோ அது கன அளவில் தேவைப்படுகிறது. ஒரு லிட்டர் மக்கு உரம் அதன் ஈரத்தைப் பொறுத்து அரை கிலோ முதல் முக்கால் கிலோ வரை இருக்கலாம். வாங்கப்போகும் உரத்தை 10 லிட்டர் வாளியில் ஒருமுறை நிரப்பி எடை பார்த்துவிட்டால், மற்றதை எளிதில் கணக்கிடலாம். நீர் சொட்டும் உரத்தை எடைக்கு வாங்கினால் தண்ணீருக்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறோம் என்பதையும் அந்த வாளி காட்டிவிடும்.

ஆழத்தைப் பொறுத்தவரை, கீரை வகைகளுக்கு 6 முதல் 8 அங்குலம் போதும். கேரட், முள்ளங்கி போன்ற கிழங்குகளுக்கு ஓரடி தேவை. தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவை ஓரடிக்கு மேல், முடிந்தால் ஒன்றரை அடி வரை வேர் இறக்க இடம் கிடைத்தால் நன்றாக வளரும். பாத்தியின் அடியில் இளகிய இயற்கை மண் இருந்தால், வேர் அதற்குள்ளும் இறங்கும் என்பதால் சட்டத்தின் உயரத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

அடித்தளத்தைத் தயார் செய்தல்

தரையில் வைக்கும் பாத்திக்கு அடிப்பலகையும் வேண்டாம், பிளாஸ்டிக் விரிப்பும் வேண்டாம். நீர் கீழே வடியவும், மண்புழு மேலே வரவும், வேர் ஆழமாக இறங்கவும் வழி திறந்தே இருக்க வேண்டும். சட்டம் வைக்கும் இடத்தில் உள்ள புல்லை ஒட்ட வெட்டிவிட்டு, தோட்டக் கவையாலோ கடப்பாரையாலோ 6 முதல் 8 அங்குல ஆழத்துக்கு மண்ணைக் குத்தி இளக்குங்கள். கட்டிகளை உடைத்துத் தூளாக்கவோ புரட்டிப் போடவோ தேவையில்லை. நீரும் வேரும் நுழைய விரிசல் விழுந்தால் போதும்.

அருகு, கோரை போன்றவற்றின் நிலத்தடித் தண்டுகளையும் கிழங்குகளையும் இந்தக் கட்டத்திலேயே கையால் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். பாத்தியை நிரப்பிய பிறகு அவற்றை எடுப்பது மிகவும் கடினம். சாதாரண ஒருபருவக் களைகளுக்கு அட்டைப்பெட்டி விரிப்பு போதுமானது. பசை நாடாவையும் உலோக ஊசிகளையும் நீக்கிவிட்டு, பளபளப்பான வண்ண அச்சு இல்லாத பழுப்பு அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று அரையடி ஏறும்படி பரப்பி நன்றாக நனைத்துவிட்டால், களை வெளிச்சமின்றி வாடும். சில மாதங்களில் அட்டையும் மக்கிவிடும். ஆழம் குறைந்த பாத்தியில் நிரப்பிய உடனேயே நடப்போகிறவர்கள் அட்டையைத் தவிர்த்து, களையை முழுவதுமாகக் கொத்தி எடுத்துவிடுவதே நல்லது. எலி, பெருச்சாளித் தொல்லை உள்ள இடங்களில் அரை அங்குலக் கண்ணுள்ள துத்தநாகம் பூசிய கம்பிவலையை அடியில் விரித்து, சட்டத்தின் உட்புறம் சிறிது மேலே மடக்கி ஆணி அடித்துவிடுங்கள்.

சரளைக்கல் அடுக்கு ஏன் வேண்டாம்

வடிகாலுக்காக அடியில் ஜல்லியோ உடைந்த ஓடோ பரப்ப வேண்டும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. இது நன்மை செய்வதில்லை, தீமையே செய்கிறது. மண்ணின் நுண்ணிய துளைகள் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் தன்மை கொண்டவை. கீழே பெரிய இடைவெளிகள் கொண்ட ஜல்லி இருந்தால், மேலுள்ள மண் முழுவதும் நனைந்து தெவிட்டும் வரை நீர் அந்த இடைவெளிக்குள் இறங்காது. நனைந்த பஞ்சு ஒன்றைத் தூக்கிப் பிடித்தால், சொட்டுவது நின்ற பிறகும் அதன் கீழ்ப்பகுதி சொதசொதவென்றே இருப்பதைப் பார்க்கலாம். பாத்தியிலும் அந்த ஈரப்பட்டை இருக்கிறது. அடியில் மூன்று அங்குலம் ஜல்லி போட்டால், அந்தப் பட்டை மூன்று அங்குலம் மேலேறி வேர்களுக்கு அருகில் வந்து நிற்கும். ஜல்லி பிடித்த இடத்தில் மண் இருந்திருந்தால் வேருக்கு அவ்வளவு ஆழமாவது கிடைத்திருக்கும்.

மண்ணைத் தேர்ந்தெடுத்தல்

தேவைப்படுவது மேல்மண், அதாவது நிலத்தின் மேற்பரப்பிலிருந்து சில அங்குல ஆழத்துக்குள் எடுத்த மண். கட்டட அடித்தளம் தோண்டும்போது வரும் மண் மலிவாகவோ இலவசமாகவோ கிடைக்கும். ஆனால் அது ஆழத்திலிருந்து வருவதால் அதில் கரிமப் பொருளும் உயிர்ப்பும் இருப்பதில்லை, சிமெண்டுத் துண்டுகளும் சுண்ணாம்பும் கலந்திருக்கும். பழைய வண்ணப்பூச்சு உதிர்ந்த சுவர்களை ஒட்டிய மண்ணிலும், போக்குவரத்து மிகுந்த சாலையோர மண்ணிலும் ஈயம் படிந்திருக்க வாய்ப்புண்டு. ஈயம் மக்கிப் போவதுமில்லை, எளிதில் கழுவிச் செல்லப்படுவதுமில்லை. உண்ணும் பயிருக்கு அத்தகைய மண்ணை, ஆய்வகத்தில் சோதித்துப் பார்க்காமல் பயன்படுத்தக் கூடாது.

மண்ணின் தன்மையை வீட்டிலேயே கண்டறிய ஓர் எளிய சோதனை உண்டு. நேரான பக்கங்கள் கொண்ட கண்ணாடிக் குப்பியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டு, கழுத்து வரை நீர் ஊற்றி, சிறிது சலவைத் தூளைச் சேர்த்து, கட்டிகள் கரையும் வரை நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் மணல் அடியில் படிந்துவிடும். அதன் மேல் சில மணி நேரத்தில் வண்டல் படியும். களி படிந்து நீர் தெளிய ஓரிரு நாட்கள் ஆகும். ஒவ்வொரு அடுக்கு முடிந்ததும் குப்பியின் வெளிப்புறத்தில் கோடு போட்டுக்கொண்டால், இறுதியில் அளவுகோலை வைத்து விகிதத்தைப் படிக்கலாம். மணலும் வண்டலும் 40 சதவீதம் வீதமும் களி 20 சதவீதமும் இருக்கும் மண் பாத்திக்கு மிகவும் ஏற்றது. அது கிடைக்கவில்லை என்று மனம் தளர வேண்டியதில்லை. மக்கு உரம் சேர்ந்தால் மணற்பாங்கான மண்ணும் நீரைப் பிடிக்கும், களிப்பாங்கான மண்ணும் இளகும்.

செய்யக் கூடாத ஒன்று, களிமண்ணை இளக்குவதற்காக அதில் சிறிது மணலைக் கலப்பது. மணல் பாதிக்கு மேல் இருந்தால்தான் களியின் குணம் மாறும். குறைவாகக் கலந்தால் மணல் துகள்களின் இடைவெளிகளைக் களி நிரப்பி, காய்ந்தபின் செங்கல்போல் இறுகிவிடும். களிமண்ணுக்கு மருந்து மக்கு உரம்தான்.

மக்கு உரத்தைத் தேர்ந்தெடுத்துச் சோதித்தல்

பாத்தி தோற்றுப்போவதற்கு மண்ணைவிட உரமே அதிகம் காரணமாகிறது. ஆகவே இங்கு அவசரம் கூடாது. நன்கு முதிர்ந்த மக்கு உரம் கரும்பழுப்பு நிறத்தில், உதிரியாக, மழை பெய்த மண்ணின் மணத்தோடு இருக்கும். அதில் இலை, தண்டு, சாணம் என்று மூலப்பொருளை அடையாளம் காண முடியாது. குவியலைக் கிளறிவிட்டு நனைத்தாலும் அது மீண்டும் சூடேறாது. மக்கும்போது குவியலின் உட்பகுதி 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் பல நாட்கள் சூடாக இருந்திருந்தால், பெரும்பாலான களை விதைகளும் நோய்க்கிருமிகளும் அழிந்திருக்கும். ஆகவே விற்பவரிடம் குவியல் சூடேறியதா, எத்தனை முறை புரட்டினார்கள், எத்தனை மாதம் ஆறவைத்தார்கள் என்று கேட்பது வாங்குபவரின் உரிமை.

ஒரு கைப்பிடி உரத்தை ஈரப்படுத்திப் பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றுப் புகாமல் கட்டி மூன்று நாட்கள் நிழலில் வையுங்கள். திறக்கும்போது மண்வாசனை வந்தால் நல்லது. அமோனியாவின் காரநெடியோ புளித்த வாடையோ அடித்தால் உரம் இன்னும் முதிரவில்லை. முதிராத உரம் மண்ணிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) இழுத்துக்கொள்ளும் அல்லது இளவேர்களைக் கருக்கிவிடும். பச்சைச் சாணத்தை நேரடியாகப் போடுவதோ நோய்க்கிருமிகளையும் உணவுக்குள் கொண்டுவரும். அமெரிக்க இயற்கை வேளாண் விதிகளின்படி, மண்ணைத் தொடும் விளைபொருள்களுக்குப் பச்சைச் சாணம் இட்ட நாளுக்கும் அறுவடைக்கும் இடையே குறைந்தது 120 நாட்கள் இருக்க வேண்டும். வீட்டுத் தோட்டத்தில் பச்சைச் சாணத்தையே தவிர்த்துவிடுவது என் பரிந்துரை.

இன்னொரு சோதனையைத் தவறாமல் செய்யச் சொல்வேன், ஏனெனில் அது காட்டும் கேடு கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாதது. புல்வெளிகளில் அகன்ற இலைக் களைகளை அழிக்கத் தெளிக்கப்படும் அமினோபைரலிட், குளோபைரலிட் போன்ற களைக்கொல்லிகள், அந்தப் புல்லைத் தின்ற மாட்டின் வயிற்றைக் கடந்து சாணத்துக்கும், சாணத்திலிருந்து மக்கு உரத்துக்கும் வந்து சேரும். மக்கும் வெப்பத்திலும் அவை முழுமையாகச் சிதைவதில்லை. உரத்தையும் நம்பகமான மண்ணையும் சரிபாதியாகக் கலந்து சில தொட்டிகளில் நிரப்பி அவரை விதை ஊன்றுங்கள். உரம் சேர்க்காத மண்ணில் அதே விதையை ஒப்பீட்டுக்காக ஊன்றுங்கள். இரண்டு மூன்று வாரங்களில் கூட்டிலைகள் விரியும். நஞ்சு இருந்தால், புதிய இலைகள் விளிம்பு சுருண்டு கிண்ணம்போல் குழிந்து, நரம்புகள் நெருங்கி இணையாக ஓட, தண்டின் நுனி முறுக்கிக்கொண்டு நிற்கும். ஒப்பீட்டுத் தொட்டியில் இலைகள் தட்டையாக விரிந்திருக்க, உரத் தொட்டிகளில் மட்டும் இப்படி இருந்தால் அந்த உரத்தைப் பாத்திக்குள் கொண்டுவராதீர்கள். அந்தச் சில வாரக் காத்திருப்பு பல பருவ விளைச்சலைக் காப்பாற்றும்.

கலவை விகிதம்

பெரும்பாலான காய்கறிகளுக்கு, கன அளவில் 60 பங்கு மேல்மண், 30 பங்கு மக்கு உரம், 10 பங்கு இளக்கும் பொருள் என்ற விகிதத்தில் தொடங்கலாம். 38 கன அடிக் கலவைக்கு இது முறையே ஏறத்தாழ 23, 11, 4 கன அடி. இளக்கும் பொருளாகப் பெர்லைட் (சூட்டில் பொரிந்த, எடை குறைந்த வெண்கல் துகள்), நுண்துளை எரிமலைக்கல், கழுவிய தென்னை நார்க்கழிவு ஆகியவற்றில் ஒன்றைப் பயன்படுத்தலாம். மண் ஏற்கெனவே மணற்பாங்காக இருந்தால் இந்தப் பத்துப் பங்கும் தேவையில்லை. அந்த இடத்தையும் மண்ணுக்கே கொடுங்கள். நார்க்கழிவு நீரைப் பிடிக்குமே தவிர உணவு தராது. அதில் உப்பு இருக்கக்கூடும் என்பதால் ஊறவைத்து நல்ல நீரில் ஓரிரு முறை அலசிய பிறகே சேர்க்க வேண்டும். 5 கிலோ கட்டி ஒன்று ஊறினால் 70 லிட்டர் வரை விரியும்.

மண்புழு உரம் கிடைத்தால் மக்கு உரப் பங்கில் மூன்றில் ஒரு பகுதியை அதைக் கொண்டு நிரப்பலாம். அதற்கு மேல் செலவிடுவதால் பெரிய பயனில்லை. மக்கு உரம் ஒரே இடத்திலிருந்து மட்டும் வராமல், இலைமக்கு ஒரு பங்கு, தொழு உரம் ஒரு பங்கு என்று இரண்டு மூன்று வகையாக இருந்தால், ஒன்றிலுள்ள உப்போ குறைபாடோ பாத்தி முழுவதையும் ஆளாது.

கார அமிலநிலை (pH) 6 முதல் 7 வரை இருந்தால் பெரும்பாலான காய்கறிகள் மகிழ்ச்சியாக வளரும். மண் பரிசோதனை அமிலத்தன்மை என்று சொன்னால் மட்டும் சுண்ணாம்புத் தூளைச் சேர்க்க வேண்டும். ஊகத்தில் சேர்த்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது.

அடியில் மரக்கட்டை நிரப்புவது

ஒன்றரை அடிக்கு மேல் உயரமான பாத்திகளில் செலவைக் குறைக்க, அடியில் மூன்றில் ஒரு பங்கு வரை மரக்கட்டை, கிளை, இலைச்சருகு ஆகியவற்றைப் போடுவது உண்டு. முறையாகச் செய்தால் இதில் தவறில்லை. மரத்தில் ஒரு பங்கு தழைச்சத்துக்குப் பல நூறு பங்கு கரிமம் இருக்கிறது. நுண்ணுயிர்கள் வசதியாக மக்கச் செய்வது 25 முதல் 30 பங்கு கரிமம் கொண்ட பொருளைத்தான். பற்றாக்குறையை அவை சுற்றியுள்ள மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். முழுக்கட்டைகள் அடியில் கிடந்தால் அவை தொடும் மண் மட்டுமே பாதிக்கப்படும்; ஆனால் மரத்தூளையோ செதுக்கலையோ வேர்ப்பகுதியில் கலந்துவிட்டால் பாத்தி முழுவதும் வெளிறிப்போகும். ஆகவே பாதி உளுத்த பழைய கட்டைகளை அடியில் நெருக்கமாக அடுக்கி, இடைவெளிகளில் மண்ணைத் தள்ளி நீர் ஊற்றி அமர்த்தி, மேலே குறைந்தது ஓரடிக்கு முழுக் கலவை இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் இந்த முறையே வேண்டாம். ஓரடிப் பாத்தியிலும் இது பொருந்தாது.

கலந்து நிரப்புதல்

மண்ணை ஓர் அடுக்கு, உரத்தை ஓர் அடுக்கு என்று மாற்றி மாற்றிக் கொட்டிவிட்டு மழையும் புழுவும் கலந்துகொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். வெவ்வேறு தன்மையுள்ள அடுக்குகளின் எல்லையில் நீரும் வேரும் தயங்கி நிற்கும். பெரிய தார்ப்பாயை விரித்து, ஒரே சட்டியால் 6 சட்டி மண், 3 சட்டி மக்கு உரம், 1 சட்டி இளக்கும் பொருள் என்று அளந்து கொட்டி, மண்வெட்டியால் இருமுறை புரட்டுங்கள். பிறகு தார்ப்பாயின் மூலைகளை எதிர்மூலை நோக்கி இழுத்து உருட்டினால் சீராகக் கலந்துவிடும். காய்ந்த மக்கு உரமும் நார்க்கழிவும் நீரை ஏற்க மறுக்கும் என்பதால், கலக்கும்போதே பூவாளியால் தெளித்து ஈரமாக்க வேண்டும். கையில் அள்ளிப் பிசைந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். விரலிடுக்கில் நீர் வழிந்தால் ஈரம் அதிகம். களிப்பாங்கான மண்ணைச் சேறாக இருக்கும்போது கலப்பது அதன் அமைப்பையே கெடுத்துவிடும். ஒருநாள் உலரவிட்டுத் தொடருங்கள்.

முதல் நான்கு அங்குலக் கலவையைக் கொட்டியதும், அட்டை விரிக்காத பாத்தியாக இருந்தால், கவையால் குத்தி அதை அடிமண்ணோடு சேர்த்துவிடுங்கள். இரண்டு மண்ணுக்கும் இடையே கூர்மையான எல்லை இல்லாமல் போகும். அதன்பின் அரையடி அரையடியாக நிரப்பி, ஒவ்வொரு முறையும் மூலைகளில் கையால் மெல்ல அழுத்தி, பூவாளியால் நனைத்து அமரவிடுங்கள். உள்ளே ஏறி மிதிக்கவே கூடாது. மண்ணின் கன அளவில் ஏறத்தாழ பாதி நீரும் காற்றும் தங்கும் இடம். ஒரு மனிதரின் எடை அந்த இடத்தைத்தான் முதலில் நசுக்குகிறது. பாத்தியின் அகலம் 4 அடியைத் தாண்டக் கூடாது என்று சொல்வதும், இரு பக்கமிருந்தும் கை எட்டினால் உள்ளே கால் வைக்கும் தேவை வராது என்பதால்தான். விளிம்புவரை நிரப்பி, நடுவில் சற்று மேடாக விட்டுவிடுங்கள், அமிழ்ந்தபின் மட்டமாகும். மீந்த கலவையை மூட்டையில் கட்டி நிழலில் வையுங்கள்.

நடவுக்கு முன் இரண்டு வாரம்

நிரப்பிய பாத்தியை உடனே நடாமல் இரண்டு வாரம் ஈரமாக வைத்திருப்பது பயனுள்ளது. கலவை அமிழ்ந்து எங்கெல்லாம் பள்ளம் விழுகிறது என்று தெரியும்; மீதக் கலவையால் அதை நிரப்பி, விளிம்புக்கு ஓர் அங்குலம் கீழே மட்டப்படுத்தலாம். மேல்மண்ணோடு வந்த களை விதைகளும் இந்த நாட்களில் முளைத்துவிடும். அவற்றை மேலாகச் சுரண்டி எடுங்கள், ஆழமாகக் கொத்தினால் கீழிருக்கும் விதைகள் மேலே வரும். நாற்று நட்ட பிறகு இரண்டு அங்குலம் உலர்ந்த இலையோ வைக்கோலோ மூடாக்காகப் பரப்பி, தண்டைச் சுற்றி மட்டும் சிறிது இடம் விட்டுவிடுங்கள். மரச்செதுக்கலை மூடாக்காகப் போடுவதில் தவறில்லை. மண்ணுக்குள் கலக்காதவரை அது தழைச்சத்தைப் பெரிதாக இழுக்காது.

ஆண்டுதோறும் செய்ய வேண்டியது

ஒவ்வோர் ஆண்டும் பருவம் தொடங்கும் முன் ஓர் அங்குலம் மக்கு உரத்தை மேலாகப் பரப்பினால் போதும். 8 அடிக்கு 4 அடிப் பாத்திக்கு இது ஏறத்தாழ 75 லிட்டர். கொத்திக் கலக்கத் தேவையில்லை, மண்புழுக்களே உள்ளே இழுத்துக்கொள்ளும். நல்லது என்பதற்காக மூன்று நான்கு அங்குலம் போடுவோர் உண்டு. அதில்தான் சிக்கல் தொடங்குகிறது. செடிக்குத் தழைச்சத்து தேவைப்படும் அளவோடு ஒப்பிட்டால் மணிச்சத்தின் (பாஸ்பரஸின்) தேவை மிகவும் குறைவு. சாணம் சார்ந்த உரத்திலோ மணிச்சத்து தேவைக்கு மிஞ்சியே இருக்கிறது. தழைச்சத்து கரைந்தும் ஆவியாகியும் போய்விட, மணிச்சத்து மண்ணோடு ஒட்டிக்கொண்டு ஆண்டுக்காண்டு சேரும். மிகுந்துபோன மணிச்சத்து இரும்பையும் துத்தநாகத்தையும் செடி எடுத்துக்கொள்வதைத் தடுப்பதால், உரம் நிறைந்த பாத்தியிலேயே நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இலைகள் தோன்றும். அதைப் பசி என்று எண்ணி மேலும் உரமிடுவது நிலைமையை மோசமாக்கும்.

ஆகவே மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மணிச்சத்து மிகுதி என்று முடிவு வந்தால், எலும்புத்தூளையும் சாண உரத்தையும் நிறுத்திவிட்டு, இலைமக்கைப் பரப்பலாம். பயறு வகைகளை விதைத்துப் பூக்கும் முன் அறுத்து மூடாக்காக இடலாம். மட்டம் இரண்டு அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தால், முதலில் பயன்படுத்திய அதே விகிதத்தில் மண்ணையும் உரத்தையும் கலந்து நிரப்புங்கள். இறங்கிய இடம் முழுவதையும் மக்கு உரத்தால் மட்டும் ஈடுகட்டினால் அடுத்த ஆண்டு அதுவும் இறங்கும்.